பொது நிர்வாகவியல் வளர்ந்த துறையா, பெயரை மாற்றிக்கொண்ட துறையா?

கேட்டவர் இரண்டே வரிகளில் கேட்டிருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று ஆராயும் பொது நிர்வாகவியல், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1887-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கி ஐந்து கட்டங்களாக வளர்ந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றனவே, அது எந்த அளவுக்கு உண்மை என்பது முதலாவது. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தையதைத் தவறு என்று சொல்லித்தான் தொடங்குகிறது என்றால் இதை வளர்ச்சி என்று சொல்லலாமா, அல்லது ஒரே துறை அவ்வப்போது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆதாரங்களைக் கொண்டே விடை சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் அவர் உண்மையில் கேட்க விரும்பியது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என் கருத்தைக் கலக்காமல் விடை சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தைப் பயின்று, பின்னர் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் என் வரம்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயின்றதும் கற்பித்ததும் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் நூல்களை ஒட்டியவை. துறையே அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால் அது பெரிய குறையாகத் தெரியாமல் போகிறது, ஆனால் குறைதான். கீழே சொல்லும் ஆண்டுகள், நூல்கள், நிறுவனங்கள் ஆகியவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. எது எதற்குக் காரணமாக அமைந்தது என்னும் இடத்தில்தான் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. என் முடிவு இது: இத்துறையின் பெரிய திருப்பங்களில் பெரும்பாலானவை துறைக்குள் நிகழ்ந்த கண்டுபிடிப்புகளால் வந்தவை அல்ல, அரசு செய்ய வேண்டியிருந்த வேலையும் அதற்கு அரசிடம் இருந்த பணமும் மாறியபோது வந்தவை.

1887-ஐத் தொடக்கமாகக் கொள்வதில் உள்ள முதல் சிக்கல், அதற்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பல்கலைக்கழகங்களில் நிர்வாகம் கற்பிக்கப்பட்டது என்பது. பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியம் 1727-இல் ஹாலே நகரிலும் ஓடர் நதிக்கரையில் உள்ள பிராங்பர்ட்டிலும் இதற்கெனப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். அரசின் கருவூலம், நிலம், வரி, உள்நாட்டு ஒழுங்கு ஆகியவற்றைக் கையாளும் அலுவலர்களைப் பயிற்றுவிப்பதே அவற்றின் நோக்கம். கேமரலியம் என்று அந்த மரபுக்குப் பெயர். பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சார்ல்-ஜான் பொன்னேன் பொது நிர்வாகத்தின் கோட்பாடுகள் பற்றி நூல் எழுதினார். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் லோரென்ஸ் ஃபான் ஸ்டைன் 1860-களில் நிர்வாகத்தைப் பற்றி விரிவான நூல் தொகுதிகளை வெளியிட்டார். இந்த அறிவு பிரெஞ்சு, ஜெர்மன் பேராசிரியர்களால் வளர்க்கப்பட்டது என்று வில்சனே தன் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைத் தொடக்கமாகச் சொல்பவர்களும் உண்டு. நிர்வாகச் சிந்தனையின் பழமைக்கு அது பெரும் சான்று. ஆனால் கல்வித்துறையின் வம்சாவளியில் அதற்கு இடமில்லை. அதன் சுவடி 1905-இல் மைசூரில் சாமாசாஸ்திரியால் அடையாளம் காணப்பட்டு 1909-இல் அச்சேறியபோது, அமெரிக்காவில் இத்துறையின் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த அடித்தளத்தை இட்டவர்களிடம் அர்த்தசாஸ்திரத்தின் செல்வாக்கு எதுவும் தென்படவில்லை.

அப்படியிருந்தும் 1887-க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அன்றைய அமெரிக்கச் சூழலில்தான் அதற்கான விடை இருக்கிறது. தேர்தலில் வென்ற கட்சி அரசுப் பதவிகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக்கொடுப்பது அங்கே பல பத்தாண்டுகளாக வழக்கமாக இருந்தது. 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டவர், பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவர். அந்தக் கொலைக்குப் பின் எழுந்த எதிர்ப்பில், 1883-இல் பென்டில்டன் சட்டம் நிறைவேறி, கூட்டாட்சி அரசின் ஒரு பகுதிப் பணியிடங்களுக்குத் தகுதித் தேர்வு வந்தது. தேர்வு வைத்து ஆள் எடுத்துவிட்டால் போதுமா, எடுத்த ஆள் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்லித்தருவது என்பது அடுத்த கேள்வி. அப்போது முப்பது வயதுக் கல்லூரி ஆசிரியராக இருந்த வில்சன் அந்த இடத்தில்தான் நுழைகிறார். அரசியலமைப்பை உருவாக்குவதைவிட அதை நடத்திச் செல்வது கடினமாகி வருகிறது என்றும், முடியாட்சி நாடுகளின் நிர்வாக முறைகளைக் குடியாட்சி நாடு தயங்காமல் கற்றுக்கொள்ளலாம் என்றும் வாதிடுகிறார். கொலைகாரன் ஒருவன் கத்தியைத் திறமையாகத் தீட்டினால், அவனுடைய கொலை எண்ணத்தை வாங்கிக்கொள்ளாமலேயே தீட்டும் முறையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் தந்த உவமை. நிர்வாகத்தை அரசியலிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்ற நம்பிக்கை முழுவதும் அந்த உவமைக்குள் அடங்கியிருக்கிறது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: தீட்டும் முறை எப்போதும் நோக்கத்திலிருந்து அவ்வளவு எளிதாகக் கழன்று வருவதில்லை.

இங்கே ஒரு திருத்தம் தேவை. கட்டுரை 1887-இல் வெளிவந்தது உறுதி; அது அப்போதே துறையைத் தோற்றுவித்தது என்பது உறுதியல்ல. வெளிவந்த பின் பல பத்தாண்டுகளுக்கு அதை மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலரே என்று பால் வான் ரைப்பர் எடுத்துக்காட்டியிருக்கிறார். முதலில் வெளியிட்ட ஆய்விதழே 1941-இல் அதை மறுபதிப்புச் செய்த பிறகுதான் பரவலாகப் படிக்கப்பட்டது. அதாவது, வளர்ந்துவிட்ட ஒரு துறை தனக்கு ஒரு தந்தையைத் தேடியபோது, குடியரசுத் தலைவராகவும் இருந்து மறைந்த ஒருவரின் கட்டுரை கைக்குக் கிடைத்தது. இதில் வியப்பில்லை, தொடக்கப் புள்ளிகள் பெரும்பாலும் பின்னாளில்தான் குறிக்கப்படுகின்றன. ஃபிராங்க் குட்னவ் 1900-இல் வெளியிட்ட ‘அரசியலும் நிர்வாகமும்’ என்ற நூலுக்கு அக்காலத்தில் உண்மையான செல்வாக்கு இருந்தது. அரசின் விருப்பத்தை வெளிப்படுத்துவது அரசியல், அதை நிறைவேற்றுவது நிர்வாகம் என்பது அவர் வகுத்த பிரிவு. இந்த இரண்டு செயல்களையும் இரண்டு தனித்தனி அமைப்புகளிடம் முழுமையாக ஒப்படைத்துவிட முடியாது என்று அதே நூலில் அவர் எழுதியிருப்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கண்டிப்பான பிரிவினைவாதி என்று அவரைக் காட்டுவது தேர்வுக்கு வசதியானது. நூலைப் படித்தால் அப்படித் தெரியாது.

துறை உண்மையில் பிறந்த இடம் பல்கலைக்கழகமே அல்ல, நகராட்சி அலுவலகம் என்பது என் எண்ணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஊழலும் வீண்செலவும் பெருகியிருந்த நிலையில், செல்வந்தர்கள் சிலரின் நன்கொடையில் நகராட்சி ஆய்வுக் கழகம் ஒன்று உருவாகி 1907-இல் முறையாகப் பதிவானது. நகராட்சி எந்தப் பணத்தை எதற்குச் செலவிட்டது என்பதைத் தெருத்தெருவாகச் சென்று கணக்கெடுத்து, கணக்கு முறையையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஒழுங்குபடுத்துவது அவர்கள் வேலை. 1911-இல் அது ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அந்தப் பள்ளி 1924-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் பள்ளியாக வேர்விட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தயாரித்து அளிக்கும் ஒருங்கிணைந்த வரவு செலவுத் திட்டம் 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்ததில் இந்த இயக்கத்தின் பங்கு பெரியது. அதே காலத்தில் சிகாகோவில் 1889-இல் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் போன்ற குடியிருப்பு இல்லங்களில், பெண்கள் ஏழை மக்களிடையே வாழ்ந்து, குப்பை, குடிநீர், தொழிற்சாலைச் சிறார் ஆகியவை பற்றித் தகவல் திரட்டி அரசை நெருக்கினார்கள். கமிலா ஸ்டிவர்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டு ஊற்றுகளில் ஆய்வுக் கழக ஆண்களின் கணக்கியல் மரபைத் துறை தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, குடியிருப்பு இல்லப் பெண்களின் மரபைச் சமூகப் பணி என்று ஒதுக்கிவிட்டது என்று வாதிடுகிறார். இதை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் திறமையும் சிக்கனமும் ஏன் இத்துறையின் முதல் மொழியாயின, பராமரிப்பும் நியாயமும் ஏன் பல பத்தாண்டுகள் கழித்துக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

முதல் பாடநூல் 1926-இல் லெனர்டு வைட் எழுதியது. நிர்வாகப் படிப்பு சட்டத்திலிருந்து தொடங்காமல் மேலாண்மையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் எடுத்த முடிவுதான் அமெரிக்க மரபை ஐரோப்பிய மரபிலிருந்து பிரித்தது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் நிர்வாகம் நெடுங்காலம் சட்டக் கல்வியின் கிளையாகவே இருந்தது. அடுத்த ஆண்டு வில்லபி, நிர்வாகத்துக்குப் பொதுவான கோட்பாடுகள் உண்டு என்று தலைப்பிலேயே அறிவிக்கும் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு வேலையையும் அளந்து சிறந்த முறையைக் கண்டறியும் ஃபிரெடெரிக் டெய்லரின் அறிவியல் மேலாண்மை 1911-லிருந்தே தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பரவியிருந்தது. பிரான்சில் ஆன்ரி ஃபயோல் 1916-இல் நிர்வாகக் கோட்பாடுகளைப் பட்டியலிட்டிருந்தார். ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபரையும் இந்தக் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆண்டுக் கணக்குப்படி சரி, செல்வாக்குக் கணக்குப்படி தவறு. அதிகாரத்துவம் பற்றிய அவருடைய எழுத்துகள் 1946, 1947 ஆகிய ஆண்டுகளில்தான் ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தன. ஆகவே அமெரிக்கப் பொது நிர்வாகவியல் தன் முதல் இருபது ஆண்டுகளை ஏறத்தாழ வெபர் இல்லாமலேயே கடந்தது.

இந்தக் காலத்தின் உச்சம் 1937. பொருளாதாரப் பெருமந்தத்தை எதிர்கொள்ள ரூஸ்வெல்ட் அரசு புதிது புதிதாக அமைப்புகளைத் தொடங்கியிருந்தது. அவற்றையெல்லாம் ஒருவர் மேற்பார்வையிட முடியாத நிலை. ப்ரவுன்லோ தலைமையில் அமைந்த குழு, குடியரசுத் தலைவருக்கு உதவி தேவை என்று ஒரே வரியில் நோயைச் சொன்னது. 1939-இல் குடியரசுத் தலைவரின் செயலகம் அதன் விளைவாக உருவானது. அக்குழுவின் உறுப்பினரான லூதர் குலிக், லிண்டால் அர்விக்குடன் சேர்ந்து தொகுத்த கட்டுரைத் தொகுப்பில்தான் ‘போஸ்ட்கார்ப்’ என்ற ஏழு பணிகளின் சுருக்கம் இடம்பெறுகிறது: திட்டமிடல், அமைப்பாக்கம், பணியாளர் அமர்த்தல், நெறிப்படுத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், வரவு செலவுத் திட்டமிடல். ஒரு தலைமை அலுவலர் என்ன செய்கிறார் என்பதற்கு விடையாக எழுதப்பட்டது அது. பின்னாளில் அதை ஒரு கோட்பாடாகக் கருதித் தாக்கியவர்கள், அது ஒரு குறிப்பிட்ட அரசின் குறிப்பிட்ட நெருக்கடிக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த பத்தாண்டில் வந்த தாக்குதல்தான் இத்துறையின் அறிவு வரலாற்றில் மிகச் செறிவான பகுதி. ஹெர்பர்ட் சைமன் 1946-இல் எழுதிய கட்டுரையில், நிர்வாகக் கோட்பாடுகள் எனப்படுபவை உண்மையில் பழமொழிகள் என்றார். பழமொழிகள் இரட்டையாக வரும். ஒன்று சொல்வதற்கு நேர் எதிரானதை இன்னொன்று சொல்லும். ஒரு மேலதிகாரியின் கீழ் நேரடியாகச் சிலரே இருக்க வேண்டும் என்பது ஒரு கோட்பாடு. முடிவு எடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையே படிநிலைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதைப் பின்பற்றினால் படிநிலைகள் கூடும், இரண்டாவதைப் பின்பற்றினால் ஒருவரின் கீழ் இருப்பவர்கள் கூடுவார்கள். எந்த நிலைமையில் எது பொருந்தும் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. இந்தச் சந்தேகம் அவருக்கு நூலகத்தில் தோன்றியதல்ல. மாணவராக இருந்தபோது மில்வாக்கி நகரின் விளையாட்டிடங்களை ஆராய்ந்த அவர், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவதா, பயிற்சியாளர்களுக்கு ஒதுக்குவதா என்று இரண்டு துறைகள் மோதியதைக் கவனித்தார். ஒவ்வொரு தரப்பும் தன் பார்வைக்கு எட்டியதை மட்டும் வைத்துப் பகுத்தறிவோடுதான் முடிவு எடுத்தது. மனிதப் பகுத்தறிவு வரம்புக்குட்பட்டது, அமைப்புகள் அந்த வரம்புக்குள் முடிவெடுக்க உதவும் ஏற்பாடுகள் என்ற அவருடைய 1947-ஆம் ஆண்டு நூலின் மையக் கருத்துக்கு அந்த அனுபவம் ஒரு வேர்.

அதே ஆண்டில் ராபர்ட் டால், நிர்வாகத்தை அறிவியல் என்று அழைக்க மூன்று தடைகள் இருப்பதாக எழுதினார்: அது விழுமியங்களை விட்டு விலக முடியாது, உண்மையான மனித நடத்தையைப் புறக்கணிக்கிறது, ஒரு நாட்டின் அனுபவத்தை உலகப் பொதுவாக எண்ணிக்கொள்கிறது. 1948-இல் ட்வைட் வால்டோ இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். திறமை என்பது நடுநிலையான அளவுகோல் போலப் பேசப்பட்டாலும், அதற்குள் நல்லாட்சி எது, யார் ஆள வேண்டும் என்பது பற்றிய ஓர் அரசியல் தத்துவமே ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். 1952-இல் அரசியல் அறிவியல் ஆய்விதழில் வால்டோவும் சைமனும் நேருக்கு நேர் மோதினார்கள். உண்மையையும் விழுமியத்தையும் பகுத்துப் பார்க்கலாம் என்றார் சைமன். நிர்வாக முடிவுகளில் அவை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை என்றார் வால்டோ. யார் வென்றார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தர்க்கத்தின் கூர்மையில் சைமன் வென்றார். ஆனால் வென்றவரைத் துறை ஏற்கெனவே இழந்திருந்தது. 1949-இல் கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்ற அவர், உளவியல், கணினி, செயற்கை நுண்ணறிவு என்று நகர்ந்து, 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். வால்டோ துறையிலேயே இருந்து அடுத்த தலைமுறையை உருவாக்கினார். இன்று நாம் கற்கும் பொது நிர்வாகவியல் சைமனின் வினாக்களைவிட வால்டோவின் கவலைகளை அதிகமாகச் சுமப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். இது என் ஊகம், நிறுவப்பட்ட முடிவல்ல.

அரசியலும் நிர்வாகமும் தனித்தனி என்ற நம்பிக்கை குலைந்ததற்கு இந்த விவாதங்கள் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பெருமந்தக் காலத்திலும் போர்க் காலத்திலும் பேராசிரியர்கள் பலர் வாஷிங்டனில் பதவி வகித்தார்கள். கொள்கை அலுவலகத்தில் உருவாவதை அவர்களே கண்டார்கள். வேளாண் துறையில் உயர் பதவியில் இருந்த பால் ஆப்பிள்பி, 1949-இல் நிர்வாகமே கொள்கை உருவாக்கம்தான் என்று எழுதியது அந்த அனுபவத்திலிருந்து. அலுவலர் கொள்கையை உருவாக்குகிறார் என்றால் அவரைக் கட்டுப்படுத்துவது யார்? கார்ல் ஃபிரெடரிக் 1940-இல், அலுவலரின் தொழில் அறிவும் மனச்சான்றுமே சிறந்த கட்டுப்பாடு என்றார். ஹெர்மன் ஃபைனர் 1941-இல் அதைக் கடுமையாக மறுத்து, மக்கள் பிரதிநிதிகளிடம் பதில் சொல்லும் கடமை இல்லாத இடத்தில் நல்லெண்ணம் கொடுங்கோன்மையாகிவிடும் என்றார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த விவாதம் முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வரக்கூடியதாகவும் தோன்றவில்லை.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளைத் துறையின் அடையாள நெருக்கடி என்பார்கள். ஒரு பகுதியினர் அரசியல் அறிவியலின் மடிக்குத் திரும்பினார்கள். அங்கே மனித நடத்தையை அளந்து ஆராயும் நடத்தையியல் அலை வீசிக்கொண்டிருந்ததால் இவர்களுக்கு இரண்டாந்தர இடமே கிடைத்தது. இன்னொரு பகுதியினர் தனியார், பொது என்ற வேறுபாடின்றி எல்லா அமைப்புகளையும் ஆராயும் மேலாண்மைப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். அங்கே ‘பொது’ என்பதே காணாமல் போனது.

துறைக்கு அப்போது உயிர் கொடுத்தது வெளியுலகம். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் வளர்ச்சித் திட்டங்களை வகுத்தன. பனிப்போரில் அமெரிக்கா அவற்றுக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கியது. இந்திய நிர்வாகத்தைப் பற்றி ஆப்பிள்பி 1953-இல் அளித்த அறிக்கையும், அதையொட்டி 1954-இல் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் உருவானதும் அந்தப் போக்கின் பகுதிதான். 1960-இல் ஒப்பீட்டு நிர்வாகக் குழு தொடங்கப்பட்டது. ஃபிரெட் ரிக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார், ஃபோர்டு அறக்கட்டளை நிதி அளித்தது. மரபுச் சமூகத்துக்கும் நவீனச் சமூகத்துக்கும் இடைப்பட்ட சமூகங்களில் சட்டம் ஒன்று சொல்ல நடைமுறை வேறொன்றாக இருக்கும், அலுவலகத்துக்குள் குடும்பமும் சாதியும் சந்தையும் கலந்திருக்கும் என்று தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் அனுபவங்களை ஒட்டி அவர் ஒரு மாதிரியை வரைந்தார். பட்டகம் ஒளியைப் பிரிப்பதை வைத்து அதற்குப் பெயரிட்டார். கருத்து நுட்பமானது, ஆனால் களத்தில் சோதித்துப் பார்க்க வழி குறைவு. 1970-களின் தொடக்கத்தில் நிதி வற்றியதும் குழு 1973-இல் வேறொரு பிரிவோடு இணைந்து மறைந்தது. ஒரு துறைப் பிரிவு கருத்துப் பிழையால் அல்லாமல் நிதி முடிந்ததால் சுருங்கியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

1968 செப்டம்பரில் வால்டோவின் ஏற்பாட்டில் இளம் அறிஞர்கள் மின்னோப்ரூக் என்ற இடத்தில் கூடினார்கள். வியட்நாம் போர், ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலை, நகரக் கலவரங்கள் என்று நாடு கொதித்துக்கொண்டிருக்க, தங்கள் துறை சிக்கனத்தையும் திறமையையும் பேசிக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ‘புதிய பொது நிர்வாகம்’ என்று பெயர் பெற்ற அந்த இயக்கத்தின் நிலையான பங்களிப்பு சமூக நியாயம். ஒரு சேவை யாருக்குப் போய்ச் சேருகிறது, யாரைத் தவறவிடுகிறது என்று கேட்பதையும் நிர்வாகத்தின் அளவுகோலாக ஜார்ஜ் ஃபிரெடெரிக்சன் வலியுறுத்தினார். மற்றபடி அந்தக் கூட்டத்தின் கட்டுரைகள் இன்று படிக்கும்போது ஆவேசம் மிகுந்தும் முறையியல் குறைந்தும் தெரிகின்றன. உண்மையான அறிவு முன்னேற்றம் 1970-களிலும் அதை ஒட்டியும் வேறு இடங்களில் நடந்தது என்பேன். பிரெஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் 1973-இல், வாஷிங்டனில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் ஓக்லாந்து நகரில் ஏன் நிறைவேறவில்லை என்று ஆராய்ந்தார்கள். வழியில் ஒப்புதல் பெற வேண்டிய படிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு படியிலும் இசைவு கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தாலும், மொத்தத்தில் வெற்றி வாய்ப்பு சரிந்துவிடுகிறது என்று காட்டினார்கள். மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல், ஆசிரியர், காவலர், நலத்திட்ட அலுவலர் போன்று மக்களை நேரில் சந்திப்பவர்கள் வேலைப் பளுவைச் சமாளிக்கக் கையாளும் வழிகளே இறுதியில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்றார். இந்த இரண்டும் களத்தில் சோதிக்கப்பட்டு இன்றும் நிற்பவை.

1970-களின் எண்ணெய் நெருக்கடி, பணவீக்கம், வரிச்சுமை எதிர்ப்பு ஆகியவற்றுக்குப் பின் அரசுகளுக்கு வேறு வகை ஆலோசனை தேவைப்பட்டது. அதிகார அமைப்புகள் பொதுநலனுக்காக மட்டுமன்றித் தம் சொந்த விரிவாக்கத்துக்காகவும் செயல்படும் என்ற, அரசின் முடிவுகளைப் பொருளியல் முறையில் ஆராயும் பொதுத் தெரிவுக் கோட்பாட்டினரின் வாதம் தயாராக இருந்தது. 1979-க்குப் பின் பிரிட்டனில் தாட்சர் அரசு, 1988 முதல் நியூசிலாந்தின் அரசுத் துறைச் சட்டம் என்று மாற்றங்கள் நடந்தேறின. கிறிஸ்டபர் ஹூட் 1991-இல் அவற்றுக்குப் ‘புதிய பொது மேலாண்மை’ என்று பெயரிட்டார். நடைமுறை முன்னே செல்ல, கல்வித்துறை பின்னால் வந்து பெயர் சூட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சீர்திருத்தங்கள் பலன் தந்தனவா? பிரிட்டனைப் பொறுத்தவரை நல்ல ஆதாரம் இருக்கிறது: ஹூட் அவர்களே ரூத் டிக்சனுடன் சேர்ந்து மத்திய அரசின் முப்பதாண்டுக் கால விவரங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட நூலில், நிர்வாகச் செலவு குறையவில்லை, புகார்களும் வழக்குகளும் கூடின என்ற முடிவுக்கு வருகிறார்கள். இதை எல்லா நாடுகளுக்கும் நீட்டிச் சொல்வது சரியாகாது.

அதற்குப் பின் வந்த பெயர்கள் பல. அரசு, சந்தை, தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றின் வலைப்பின்னலை ஆளுகை என்றார் ரோட்ஸ். குடிமகன் வாடிக்கையாளன் அல்லன் என்று டென்ஹார்ட் இணையர் 2000-இல் புதிய பொதுச் சேவையை முன்வைத்தார்கள். ஐரோப்பாவில் விதிகளையும் படிநிலையையும் சார்ந்த வெபரிய அரசு முறை கைவிடப்படவில்லை, புதுப்பிக்கப்பட்டது என்று பாலிட்டும் பௌக்கர்ட்டும் காட்டினார்கள். இவற்றில் ரோட்ஸின் கருத்தும் பாலிட் – பௌக்கர்ட் கருத்தும் நடப்பதை விவரிப்பவை; டென்ஹார்ட்டினர் சொல்வது நடக்க வேண்டியதை. மூன்றையும் ஒரே வரிசையில் ‘கட்டங்கள்’ என்று அடுக்குவது பொருந்தாது.

ஐந்து கட்டப் பட்டியலுக்கு வருகிறேன். 1975-இல் நிக்கலஸ் ஹென்றி எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. துறையின் இருப்பிடம் எது (அது எங்கே இயங்குகிறது), அதன் குவிமையம் எது (அது எதை ஆராய்கிறது) என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டு அவர் வரலாற்றைப் பகுத்தார். அந்தக் கேள்விகள் பயனுள்ளவை. தேர்வுக்கு அந்தப் பட்டியலை எழுதுவதிலும் தவறில்லை. ஆனால் அவருடைய பட்டியலிலேயே, துறை அரசியல் அறிவியலுக்குத் திரும்பிய மூன்றாம் கட்டமும் மேலாண்மைக்குச் சென்ற நான்காம் கட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்பதைப் பார்க்கலாம். ஒரு கருத்து வீழ்ந்து அடுத்தது எழுந்ததாக இங்கே சொல்ல முடியாது. வரவு செலவுத் திட்டம் கற்பிக்கும் வகுப்பில் குலிக் இன்றும் உயிரோடு இருக்கிறார். தகுதித் தேர்வைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் வில்சனின் பிரிவினை இன்றும் தேவைப்படுகிறது. சில பகுதிகளில் அறிவு உண்மையிலேயே சேர்ந்திருக்கிறது: முடிவெடுத்தல், திட்ட நிறைவேற்றம், கள அலுவலர் நடத்தை ஆகியவற்றை 1937-இல் அறிந்ததைவிட இன்று நன்றாக அறிவோம். அதிகாரமும் பதில் சொல்லும் பொறுப்பும் எப்படி இணைய வேண்டும் என்பதில் அப்படிச் சொல்ல முடியாது; அங்கே பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. தனித் துறையா என்ற கேள்விக்கு வால்டோ 1968-இல் சொன்ன விடை எனக்கு ஏற்புடையது. மருத்துவத்துக்குத் தனக்கென ஒரே கோட்பாடு இல்லை, பல அறிவியல்களை எடுத்துப் பயன்படுத்துகிறது, அதனால் அது மதிப்பிழப்பதில்லை. பொது நிர்வாகமும் அத்தகைய தொழிற்கல்வியாக நடந்துகொள்ளட்டும் என்றார் அவர்.

இப்போது நடக்கும் மாற்றத்துக்கு இன்னும் நிலைத்த பெயர் இல்லை. லிப்ஸ்கி சொன்ன கள அலுவலரின் தீர்மான உரிமை கணினி அமைப்பை வடிவமைப்பவரின் கைக்கு நகர்கிறது என்று போவன்சும் சூரிடிசும் 2002-லேயே எழுதினார்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாக மோசடிக்காரர்களாகக் கருதப்பட்ட விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் வருமானத்தைச் சராசரி கணக்கிட்டுத் தானாகக் கடன் அறிவிப்பு அனுப்பிய திட்டத்தை விசாரித்த அரச ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. அந்த அறிவிப்புகளைப் பெற்றவர் முறையிட வேண்டியது நிரலை எழுதியவரிடமா, அதை வாங்கிய துறைச் செயலரிடமா, அமைச்சரிடமா என்று ஆராயும் கட்டுரைகளில், ஃபிரெடரிக்கும் ஃபைனரும் மறுபடி மேற்கோள் காட்டப்படுகிறார்கள்.